சமைக்காத பட்டர்நட் பூசணிக்காயில சலட், செய்து பாத்த ஆக்கள் உங்கட அனுபவத்தையும் எழுதுங்கோ

நான் வெள்ளவத்தை. கனடாவில இருந்து மச்சாளின்ட மகள் வந்து எங்களோட நிண்டவா, பிள்ளை வீகன், தயிர் இல்லை தேன் இல்லை மாசிக் கருவாடு இல்லை. சம்பலுக்கு மாசி போடாம விடலாம், பச்சடிக்குத் தயிர் இல்லாம என்ன செய்யிறது எண்டு யோசிச்சுக் கொண்டிருக்க, "மாமி, பட்டர்நட்டைச் சமைக்காமலே சலட் போடலாம், குளிர்காலத்தில அங்க நாங்கள் இதைத்தான் செய்யிறனாங்கள்" எண்டா. எங்கட வீட்டில பூசணிக்காய் எண்டா பால்கறி இல்லாட்டி சாம்பார், பச்சையாச் சாப்பிடலாம் எண்டு ஒருத்தரும் நினைச்சதே இல்லை.

முக்கியமான விஷயம் காயின்ட எந்தப் பக்கத்தை எடுக்கிறது எண்டதுதான். நீட்டுக் கழுத்துப் பக்கத்தில விதை இல்லை, சதை கட்டியா இருக்கும், சலட்டுக்கு அது மட்டும் போதும், கீழ இருக்கிற குண்டுப் பக்கத்தை அடுத்த நாள் கறிக்கு வைக்கலாம். தோல் சீவ முதல் கையில கொஞ்சம் எண்ணெய் பூசுங்கோ, அதில வாற பால் கையில காய்ஞ்சா தோல் இறுகிப் பிடிக்கும், சில பேருக்கு உரிஞ்சும் போகும். சீவினோடன ஒரு சின்னத் துண்டை வாயில போட்டுப் பாருங்கோ. நல்லாக் கைச்சா முழுக்காயையும் எறிஞ்சிடோணும், அது குகர்பிட்டசின் எண்ட நச்சுப் பொருள், அவிச்சாலும் போகாது, வயித்தைக் குழப்பிப் போடும்.

பிறகு கிரேட்டரில மெல்லிசாத் துருவி, 3 கப்புக்கு அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டுப் பிசறி ஒரு கால் மணித்தியாலம் விட்டா தண்ணி விடும், அந்த நறுக்கு நறுக்கெண்ட பச்சைத்தன்மையும் குறைஞ்சிடும். அந்தத் தண்ணியை வடிச்சிட்டு தேசிக்காய்ப்புளி, நல்லெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, தேனுக்குப் பதிலாக் கித்துள் பாணி கொஞ்சம், மிளகுதூள், சின்ன வெங்காயம், பச்சமிளகாய், மல்லியிலை. எண்ணெயை மட்டும் விட்டுடாதேங்கோ, அந்த மஞ்சள் நிறத்தில இருக்கிற பீட்டா கரோட்டின் கொழுப்போட சேர்ந்தாத்தான் உடம்பில ஒழுங்காச் சேரும். தேங்காய்ப்பூவும் வறுத்த கச்சானும் மேசைக்குக் கொண்டு போகேக்க போட்டாக் காணும், கொழும்புச் சூட்டில தேங்காய்ப்பூ கெதியாப் பழுதாப் போயிடும், கச்சானும் ஊறி நமுத்துப் போயிடும்.

எனக்கு இது உண்மையா நல்லாப் பிடிச்சிருக்குது. சோறு கறியோடயும் போகுது, அடுப்புப் பக்கமே போகத் தேவையில்லை.

கொட்டாஞ்சேனையில இருந்து ஒரு பதில்:
அக்கா, பட்டர்நட் விலைனு நாங்க சாதாரண வட்டக்காய்ல, அதான் நம்ம பூசணிக்காய்ல செஞ்சோம். நல்லாதான் இருந்திச்சு, ஆனா உங்கட மாதிரி கட்டியா இல்ல, தண்ணி ஜாஸ்தி, அதால உப்புப் போட்ட பிறகு கையால லேசா பிழிஞ்சி எடுக்கணும். மார்க்கெட்ல துண்டு வெட்டி வச்சிருக்கிறத பச்சையா சாப்பிட வாங்காதீங்க, ஈ மொய்ச்சி எவ்வளவு நேரம் கிடந்துச்சோ, சின்னதா இருந்தாலும் முழுக்காயா வாங்கி வீட்ல வெட்டுறதுதான் நல்லம். தேசிக்காய்க்குப் பதிலா அம்பரெல்லா துருவிப் போட்டுப் பாருங்க, அந்தப் புளிப்பு வேற லெவல், எங்க வீட்டுப் பசங்க அதுக்காகவே கேட்டு வாங்கி சாப்பிட்டாங்க.

அம்பரெல்லா நல்ல ஐடியா தங்கச்சி, எனக்கு அது தோணவே இல்லை. மிஞ்சினா என்ன செய்தனீங்கள்? ராவைக்கு வைக்க எனக்கு விருப்பமில்லை.

மிஞ்சினத பக்கத்து வீட்டு சிங்கள அக்கா சொன்ன மாதிரி மஞ்சளும் இன்னும் கொஞ்சம் தேங்காய்ப்பூவும் போட்டு சட்டியில ரெண்டு பிரட்டுப் பிரட்டினேன், மல்லுங் ஆகிடுச்சு, அவங்க செய்ற தேங்காய்ப்பூ சுண்டல். கச்சான் போட முதல் தனியா எடுத்து வச்சிருங்க அக்கா, அதுதான் நல்லா வரும்.