பொட்டை நிலைக்கதவில் ஒட்டிவிட்டு ஜெபிக்க உட்காருவார்: உங்களுக்கு இப்படி யாரையாவது தெரியுமா?

செல்லூர் அக்கா

மூன்று வருஷமாக நெஞ்சில் கிடக்கிறது, எழுதிவிடுகிறேன். அடுத்த தெருவில் ஒரு அத்தை இருந்தார். சொந்தமில்லை, அப்படித்தான் கூப்பிடுவேன். வீட்டுக்காரருக்குத் தறிப்பட்டறை. குலசாமி கோயிலில் முதல் மரியாதை அவர்கள் வீட்டுக்குத்தான். அந்த வீட்டு மருமகள் எப்படி இருந்தாக வேண்டும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் அம்மா காலத்திலிருந்தே மாவரைத்து விற்கிறோம். புதன்கிழமை மதியம் தூக்குச்சட்டியோடு மாவு வாங்க வருவார். உள்ளே வந்ததும் கதவைச் சாத்துவார். நெற்றியில் இருக்கும் ஸ்டிக்கர் பொட்டை நகத்தால் நெம்பி எடுத்து நிலைக்கதவில் ஒட்டுவார். அப்புறம் முக்காடு போட்டு உட்கார்ந்து யோவான் சுவிசேஷத்தில் பத்து வசனம், எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். கால் மணி நேரம் ஜெபம். எழுந்து பொட்டை வைத்துக்கொண்டு மாவோடு போய்விடுவார். பதினொரு வருஷம் இப்படி. ஞானஸ்நானம் பற்றி இரண்டு தடவை கேட்டேன். முதல் தடவை "மகன் கல்யாணம் முடியட்டும்" என்றார். இரண்டாவது தடவை "பேரனுக்கு மொட்டை போட்டு முடியட்டும்."

கடைசியாகப் படுத்தபோது என் கையைப் பிடித்து, "என்னையப் பொதைக்கச் சொல்லிக் கேக்க எனக்கு உரிமையில்ல. தூக்கிட்டுப் போறப்ப ஒரு பாட்டு மட்டும் பாடிரு" என்றார்.

அன்றைக்கு நீர்மாலை எடுத்து வந்தார்கள். நெற்றி நிறையக் குங்குமம் வைத்து, நடுவில் ஒரு ரூபாய்க் காசை ஒட்டினார்கள். நான் வாசலில் பெண்களோடு நின்றேன். வாய் திறக்கவில்லை. குழந்தையிலேயே ஞானஸ்நானம் பெற்று, பதினாறு வயதில் திடப்படுத்தல் எடுத்துச் சபையில் முழு உறுப்பினராகி, பாடகர் குழுவில் இருபது வருஷம் நின்றவள் நான். வண்டி தத்தனேரிச் சுடுகாட்டுக்குப் போய்விட்டது. அந்த வாசலில் ஒளிந்து நின்றவள் அத்தை இல்லை, நான்தான்.

மேலூர்ப் பக்கம்

அக்கா, உங்கள் மேல் வருத்தமில்லை. ஆனால் ரகசிய விசுவாசி என்ற பேச்சே எனக்கு ஒப்பவில்லை. மனுஷர் முன்பாக மறுதலிக்கிறவனை நானும் மறுதலிப்பேன் என்று மத்தேயு 10-ல் ஆண்டவரே சொல்லியிருக்கிறார்.

எங்கள் அப்பா 1994-ல் கிணற்றில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தார். அந்த வருஷத் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போட்டார்கள். சாவடியில் நோட்டோடு உட்கார்ந்திருந்த பெரியவரிடம் அப்பா, "கம்மா மடை வேலைக்கு இதே பணத்தை ரெண்டு மடங்காத் தர்றேன், கெடா வெட்டுக்கு மட்டும் என்னையச் சேக்காதீங்க" என்றார். பெரியவர் அப்பாவுக்கு மாமன் முறை. ஒன்றும் பேசவில்லை. பக்கத்திலிருந்த பையனிடம் ஸ்கேலை வாங்கி, எங்கள் பெயர்மேல் வைத்து, சிவப்பு மையில் ஒரு கோடு போட்டார். எனக்கு அப்போது ஒன்பது வயது. ஸ்கேல் வைத்து நேராகப் போட்டாரே, அதுதான் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. கோபத்தில் கிறுக்கியிருந்தால் மறந்திருப்பேன்.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். களத்தில் நெல் காயப்போட இடமில்லை. அக்கா கல்யாணத்துக்குத் தாய்மாமனே வரவில்லை, அம்மா தாலி கட்டும் நேரம் வரை ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா பின்வாங்கவில்லை. அவருக்கும் விசுவாசி என்று பெயர், கதவைச் சாத்திக்கொண்டவர்களுக்கும் அதே பெயரா?

அரசரடி

மேலூர் அண்ணே, எல்லாப் பயமும் ஒரே பயம் இல்லை.

நான் பட்டியல் சாதி. பன்னிரண்டு வருஷமாக ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறேன். 1950 ஜனாதிபதி ஆணை உங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி என்றது. 1956-ல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990-ல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவர் இன்னும் வெளியேதான். தமிழ்நாட்டில் மதம் மாறினால் பி.சி. என்கிற பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுவோம், வன்கொடுமைச் சட்டத்தின் பாதுகாப்பும் போய்விடும். சான்றிதழில் நான் மாறிவிடுவேன், ஊர் என்னைப் பார்க்கிற பார்வை மாறாது. சபைக்குள்ளும் மாறாது. சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிச் சுவர் நிற்கிறது.

ஒரு ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை, பாஸ்டர் ஞானஸ்நானப் பதிவேட்டை என் பக்கம் திருப்பிப் பேனாவைக் கொடுத்தார். என் பெயரை எழுதினேன். தகப்பன் பெயரை எழுதினேன். அடுத்த கட்டம் கையெழுத்து. மகள் அந்த வருஷம் பன்னிரண்டாவது. பேனாவை மூடி வைத்துவிட்டேன். பாஸ்டர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, என் பெயரை அடிக்கவும் இல்லை. அடுத்தவரைக் கூப்பிட்டுக் கீழ் வரியில் எழுதச் சொன்னார். பாதி நிரம்பிய அந்த வரி இன்னும் அந்த நோட்டில் இருக்கிறது. போன மாதம்கூடப் பார்த்தேன்.

உங்கள் அப்பா பெரிய மனிதர். ஆனால் "ரெண்டு மடங்காத் தர்றேன்" என்று சொல்ல அவரிடம் கொஞ்சமாவது இருந்தது அண்ணே.

ஓய்வுபெற்ற உபதேசியார்

என் அனுபவம் சின்னது. 2001-ல் ஒரு உபவாச ஜெபத்தில், கடைசி வரிசையில் மாதக்கணக்காக ஒளிந்தாற்போல் வந்து உட்கார்ந்த ஒரு பெண்ணை, எழுந்து சாட்சி சொல்லும்படி மைக்கில் கூப்பிட்டேன். எழுந்தாள், செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே போனாள். அதற்குப் பிறகு வரவில்லை. செருப்பு ஒரு மாதம் வாசலிலேயே கிடந்தது.

அதனால் எல்லோருக்கும் சில விஷயம் சொல்ல வேண்டும். மேலூர்த் தம்பி மத்தேயு 10-ஐ எடுத்தார், சரி. யோவான் 19-ஐயும் எடுக்க வேண்டும். அரிமத்தியா யோசேப்பை "அந்தரங்க சீஷன்" என்று வேதமே சொல்கிறது, யூதருக்குப் பயந்தவன் என்றும் சொல்கிறது. நிக்கொதேமு ஆண்டவரைப் பார்க்க ராத்திரியில் வந்தவன். ஆண்டவரோடு பகிரங்கமாகத் திரிந்த சீஷர்களில் பெரும்பாலோர் ஓடிப்போன நாளில், பிலாத்துவிடம் போய் உடலைக் கேட்டவன் அந்த யோசேப்பு. நூறு ராத்தல் கந்தவர்க்கத்தைச் சுமந்து வந்தவன் அந்த நிக்கொதேமு. அதே யோவான் 12-ல், நம்பியும் அறிக்கைபண்ணாத அதிகாரிகளைப் பற்றிக் கடுமையாக எழுதியிருப்பதையும் நான் மறைக்கவில்லை. மனுஷரால் வருகிற மகிமையை விரும்பினார்கள் என்று இருக்கிறது. யார் எந்தப் பக்கம் என்பது ஆபத்து வருகிற நாள்வரை தெரிவதில்லை. பழைய ஏற்பாட்டில், ஆண்டவரைப் புதிதாக நம்பிய சீரியப் படைத்தலைவன் நாகமானைப் பாருங்கள். எஜமானோடு ரிம்மோன் கோயிலுக்குள் போய்க் குனிய வேண்டியிருக்கிறதே என்று அவன் கேட்டபோது, எலிசா தீர்க்கதரிசி சொன்ன பதில் "சமாதானத்தோடே போ".

நம் மதுரைக்கு இந்த வழக்கு புதிதும் இல்லை. 1606-ல் இங்கே வந்த தத்துவ போதகர் ராபர்ட் தெ நொபிலி, குடுமியும் பூணூலும் சந்தனமும் வைத்துக்கொண்டே ஒருவன் கிறிஸ்தவனாக இருக்கலாம் என்றார். அது பெரிய சண்டையாகி ரோம் வரை போய், 1623-ல் போப்பின் அனுமதி வந்தது. பொட்டை மட்டும் பார்த்து யாரையும் அளக்காதீர்கள்.

சபையில் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒன்று. இப்படி வருகிறவர்களை மேடைக்குக் கூப்பிடாதீர்கள், போட்டோ எடுக்காதீர்கள், அவர்கள் வீட்டுக்கு வெள்ளை ஜிப்பாவோடு போய் நிற்காதீர்கள். ரகசியமாக நம்புகிறவர்களுக்கும் ஒன்று. வீட்டில் ஒரே ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள். கணவனிடம் முடியாவிட்டால் மகளிடம், மகளிடம் முடியாவிட்டால் தங்கையிடம். அடக்கம் எப்படி வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அவரிடம் கொடுங்கள். சபைக் கல்லறையில் இடம் வேண்டுமானால் பெரும்பாலும் சபை உறுப்பினராக இருக்க வேண்டும், அதை முன்கூட்டியே போதகர் ஐயரிடம் பேசுங்கள். செத்த வீட்டில் யாராலும் எதையும் புதிதாகத் தொடங்க முடியாது. செல்லூர் அக்கா, அத்தையின் மகனிடம் இதைச் சொன்னீர்களா? சொல்லிவிடுங்கள்.

உசிலம்பட்டி மருமகள்

இதுவரை எங்கேயும் எழுதியதில்லை. நான்தான் நீங்கள் எல்லோரும் பேசுகிற ஆள்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே நம்பினேன். கல்யாணமாகி ஒன்பது வருஷம். காலையில் குளிக்கப் போகும்போது வாளியில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் ஜெபிப்பேன். வேதம் கையில் கிடையாது, போனில்கூட வைத்துக்கொள்ளவில்லை. மனப்பாடமாகத் தெரிந்த சங்கீதங்கள்தான்.

போன வருஷம் எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன், பெரியாஸ்பத்திரியில். உள்ளே கொண்டுபோவதற்கு முன்னால் என் மாமியார் வளையல், கொலுசு எல்லாவற்றையும் கழற்றித் தன் முந்தானையில் முடிந்துகொண்டார். பாண்டி கோயில் திருநீற்றுப் பொட்டலத்தை என் தலைமாட்டில் வைத்தார். குனிந்து காதருகே, "பாத்ரூம்ல கொழாயத் தொறந்துவிட்டுக் கும்பிடுவியே, அந்தச் சாமிகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிக்கத்தா" என்றார்.

ஒன்பது வருஷம் தண்ணீர்ச் சத்தத்தை நம்பியிருந்தேன். அவருக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று தெரியவில்லை. என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. எனக்கு உறுத்துவது வேறு. அவர் அவ்வளவு இறங்கி வந்து கேட்டபோது "ஆமாம் அத்தை" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஸ்ட்ரெச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். மயக்க ஊசியின் நேரமில்லை அது, ஊசி அப்புறம்தான் போட்டார்கள்.

இப்போதும் குழாயைத் திறந்துவிட்டுத்தான் ஜெபிக்கிறேன். அவர் அந்த நேரத்தில் யாரையும் அந்தப் பக்கம் விடுவதில்லை.

மேலூர்ப் பக்கம்

அரசரடித் தம்பி, நீங்கள் சொன்னதை இரண்டு நாள் யோசித்தேன். முக்கால் ஏக்கர் இருந்தது. அது இல்லாவிட்டால் அப்பா என்ன சொல்லியிருப்பார் என்று இதுவரை நினைத்ததில்லை.

ஆனால் உபதேசியார் ஐயா, நாகமானை இப்படிப் பொதுவாகத் திறந்துவிடக் கூடாது. அது நம்பிக்கைக்கு வந்து ஒரு நாளான ஆளுக்குக் கிடைத்த பதில், முப்பது வருஷமாக நம்புகிறவருக்கு இல்லை. ஓரியூரில் 1693-ல் அருளானந்தர் என்ற ஜான் டி பிரிட்டோ பாதிரியாரை ஏன் வெட்டினார்கள்? அவரிடம் வந்த தடியத்தேவர் ஞானஸ்நானத்துக்காக ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி ராமநாதபுரம் மன்னர் சேதுபதிக்கு உறவு. தடியத்தேவர் மனசுக்குள்ளேயே நம்பிக்கொண்டு பேசாமல் இருந்திருந்தால் ஓரியூர் மணலில் ரத்தமே விழுந்திருக்காது. அவர் அப்படி இருக்கவில்லை.

உசிலம்பட்டி மருமகள்

விலக்கப்பட்ட அந்தப் பெண்கள் எங்கே போய் இருந்தார்கள் அண்ணே? அவர்களிடம் யாராவது கேட்டார்களா?

செல்லூர் அக்கா

உபதேசியார் ஐயாவுக்குப் பதில் சொல்ல வேண்டும். மகனிடம் சொல்லவில்லை. அவர் இப்போது திருப்பூரில் இருக்கிறார், பொங்கலுக்கு வந்தபோது எங்கள் வீட்டுக்கு மாவு வாங்க வந்தார். மாவை ஊற்றிக் கொடுத்தேன். நிலைக்கதவில் அத்தையின் பொட்டு ஒன்று ஒட்டியபடி இருக்கிறது, கடைசிப் புதன்கிழமை பசை விட்டுப்போனதென்று அட்டையிலிருந்து வேறு எடுத்து வைத்துக்கொண்டு போனார். மகன் அதற்கு நேரே நின்றுதான் சில்லறை எண்ணிக் கொடுத்தார்.

ஒன்று மட்டும் செய்தேன். அத்தையைத் தூக்கிப் போன மறுநாள் காடாற்று முடித்துச் சாம்பலை வைகையில் கரைக்கப் போனார்கள். நான் தள்ளிப் பாலத்தின் மேல் நின்று, அவர் கேட்ட கீர்த்தனையைப் பாட ஆரம்பித்தேன். பல்லவி முடியவில்லை, பின்னால் ஒரு சைக்கிள் மணி கேட்டது. நிறுத்திவிட்டேன். சைக்கிள்காரர் யாரோ தெரியாத ஆள், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.