‘ஏரியா’வுக்குத் ‘தாழ்முற்றம்’: ஒரு முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

பிரிட்டனில் ஜார்ஜ் மன்னர்கள் காலத்து (ஜார்ஜிய) நகர வீடுகளின் முன்னால், தெரு மட்டத்துக்குக் கீழே இருக்கும் திறந்தவெளியை ஆங்கிலத்தில் ‘ஏரியா’ (area) என்பார்கள். நம் கலைச்சொல் பட்டியலுக்காக அதற்கு ‘அகழி’, ‘பள்ளம்’ என இரண்டு தமிழ்ப் பரிந்துரைகள் வந்துள்ளன. இரண்டுமே பொருந்தாது என்று நினைக்கிறேன். ‘தாழ்முற்றம்’ எனலாம்.

லண்டன் பெட்ஃபோர்டு சதுக்கத்தையே பார்ப்போம். 1775-க்கும் 1783-க்கும் இடையே எழுந்த செங்கல் வீடுகள், சுவரோடு சுவர் ஒட்டியவை. சதுக்கத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் இருக்கும் வீட்டுக்கு மட்டும் வெண்சுதை பூசி, மேலே முக்கோண முகப்பு வைத்தார்கள். வரிசை முழுவதும் ஒரே மாளிகையாகத் தெரியும். ஆனால் வீட்டுக்கு உயிர்கொடுத்த வேலையெல்லாம் நடந்தது தெருவோர இரும்புக் கம்பிகளுக்குக் கீழே. நடைபாதைக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே ஒரு தள ஆழத்துக்கு இறங்கும் திறந்தவெளிதான் ஏரியா. ஒரு பக்கம் கீழ்த்தளச் சன்னல்கள். எதிரே, நடைபாதைக்கு அடியிலேயே வளைவுக்கூரை போட்ட நிலக்கரி அறைகள். மேலே நடைபாதையில் பதித்த வட்ட இரும்பு மூடியைத் திறந்து கரியை நேரே உள்ளே கொட்டிவிடலாம். கரிமூட்டை வீட்டுக்குள் நுழையவே வேண்டாம். வேலையாட்கள் தனிப் படிக்கட்டில் அங்கே இறங்குவார்கள். விருந்தினர் அதன்மேல் பாலம்போல் கிடக்கும் கல்லைக் கடந்து தலைவாசலுக்குப் போவார்கள்.

அகழி ஆளைத் தடுப்பதற்கு. இது கீழ்த்தளத்துக்கு வெளிச்சமும் காற்றும் விடுவதற்கு. ‘பள்ளம்’ என்றால் முழுதும் தோண்டியது போலாகிவிடும். உண்மையில் ஓரளவுக்குத்தான் தோண்டினார்கள்; அந்த மண்ணைப் போட்டுத் தெருவை உயர்த்தினார்கள். அதனால்தான் தெருப்பக்கம் நிலத்தடியில் இருக்கும் அதே தளம், பல வீடுகளில் பின்பக்கம் தோட்ட மட்டத்துக்கு நெருங்கி வருகிறது.

சுவர் சூழ்ந்து, வானம் பார்த்து, வீட்டு வேலை புழங்கும் இடத்துக்கு நம்மிடம் முற்றம் என்ற சொல் இருக்கிறது. ‘தாழ்வாரம்’ என்பதோடு குழம்பாதா என்று கேட்டிருந்தீர்கள். தாழ்வாரத்துக்குக் கூரை உண்டு, முற்றத்துக்குக் கிடையாது, குழப்பத்துக்கு இடமில்லை. தாழ்முற்றப் படி, தாழ்முற்றக் கதவு, தாழ்முற்றக் கம்பிவேலி எனக் கிளைச்சொற்களும் தடையின்றி வருகின்றன. கட்டட வரைபடத்தில் எழுத இந்த வசதி முக்கியம்.

தலைவாசலுக்கு மேலே ஆரக்கம்பிகளோடு இருக்கும் அரைவட்டக் கண்ணாடிக்கு ‘விசிறிச் சாளரம்’ என்று முன்பே வந்த பரிந்துரை எனக்கு முழுச் சம்மதம். தாழ்முற்றத்துக்கு மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள். இல்லையேல் இரண்டையும் பட்டியலில் ஏற்றிவிடலாம்.