உடுப்பூ வேண்டாம், உடுச்செவ்வந்தி என்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். ஆஸ்டர் என்னும் பூச்செடிக்குத் தமிழ்ப்பெயர் தேடும் நம் பேச்சில், போன வாரம் 'உடுப்பூ' என்று முன்மொழிந்தவன் நான்தான். அதை இன்று திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மாற்றாக ஒரு சொல் கொண்டுவந்திருக்கிறேன்.

நாம் பெயர் தேடும் செடி சிம்ஃபியோட்ரைக்கம் ஃபோலியேசியம். அலாஸ்கா முதல் கலிஃபோர்னியா, நியூ மெக்சிகோ வரை, வட அமெரிக்காவின் மேற்கு மலைகளில் தானாக வளர்வது. மண்ணுக்குள் கிடையாக வளரும் மட்டநிலத்தண்டு கிடப்பதால் மேலே காய்ந்தாலும் அடுத்த ஆண்டு மறுபடி தழைக்கும். பூவின் நடுவே மஞ்சள், சுற்றிலும் ஊதா. முன்பு ஆஸ்டர் பேரினத்தில்தான் இருந்தது. 1990களில் கை நெசம் (Guy Nesom) என்ற தாவரவியலாளர் அந்தப் பெரிய பேரினத்தைப் பிரித்தபோது வேறு பேரினத்துக்குப் போய்விட்டது. ஆனால் ஊர்மக்கள் வாயில் இன்றும் ஆஸ்டர்தான். நமக்கும் அப்படி, வகைப்பாடு மாறினாலும் மாறாத ஒரு பெயர் வேண்டும்.

ஆஸ்டர் என்றே எழுதிவிடலாமே என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். மதுரைக்காரரிடம் ஆஸ்டர் என்றால் மாட்டுத்தாவணி பூச்சந்தைதான் நினைவுக்கு வரும். அங்கே விற்பது சீன ஆஸ்டர். ஒரு பருவத்தோடு முடிந்துபோகும் செடி, பேரினமும் வேறு. மலையில் ஆண்டுக்கணக்கில் நிலைத்து நிற்கும் காட்டுச்செடிக்கும் அதே பெயரை வைத்தால் படிப்பவர் மனத்தில் தவறான பூ வந்து உட்காரும்.

சரி, உடுப்பூ ஏன் கூடாது? ஆஸ்டர் என்றால் கிரேக்கத்தில் விண்மீன். அதே வேரில் வந்த ஆஸ்டெரிஸ்க்கை (*) உடுக்குறி என்று எழுதிப் பழகிவிட்டோம். அதனால் விண்மீனைக் குறிக்கும் உடு பொருத்தம் என்று நினைத்தேன். என் கையெழுத்துப் படியை அண்ணன் மகள் எடுத்து வாசித்தாள். "மலை உடுப்பு" என்று படித்துவிட்டு, "மலையில போடுற ஸ்வெட்டரா சித்தப்பா?" என்று கேட்டாள். அவள்மீது பிழையில்லை. ஒரு குறில் நெடிலில் பொருளே மாறிப்போகும் சொல்லைப் பாடப்புத்தகத்துக்குக் கொடுக்கக்கூடாது.

உடுமலர் என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். அழகான சொல்தான். ஆனால் காதில் உடுமலை என்று விழுகிறது. உடுமலைப்பேட்டை நமக்கு அவ்வளவு பழக்கம். இன்னொரு தயக்கமும் உண்டு. இது ஒரு மலர் அல்ல, மலர்க்கூட்டம். நேற்று வைகைக் கரையோரம் ஒரு மூக்குத்திப்பூவைப் பறித்து உள்ளங்கையில் பிரித்துப் பார்த்தேன். விளிம்பில் வெள்ளையாக ஐந்து. ஒவ்வொன்றின் நுனியிலும் மூன்று பல். இதழ் என்று நினைத்து ஒன்றை இழுத்தால், அடியில் சூலகத்தோடு தனிப் பூவாகவே வருகிறது. நடுவில் இருந்த மஞ்சள் குழல்களை நகத்தால் தள்ளினேன். அவையும் ஒவ்வொன்றும் ஒரு பூ. பாடநூல் இதைத்தான் சிரமஞ்சரி என்கிறது. நம் அமெரிக்கச் செடியும் இதே குடும்பம், இதே அமைப்பு.

இந்த அமைப்பை நம் மக்களுக்கு ஒரே சொல்லில் காட்டுவது செவ்வந்திதான். மெக்சிகோ பக்கமிருந்து ஒரு செடி வந்தபோது, அகராதி பார்க்காமல் துலுக்கச்செவ்வந்தி என்று முன்னொட்டுப் போட்டுக்கொண்டார்கள். அதுவும் வேறு பேரினம், ஆனால் இதே குடும்பம். அந்த வழியிலேயே நாமும் போகலாம்: உடுச்செவ்வந்தி. உடுப்போடு குழம்பாது, விண்மீனும் விட்டுப்போகாது. செவ்வந்தியில் சிவப்பு இருக்கிறதே, இது ஊதா ஆயிற்றே என்று கேட்கலாம். நாம் மாலை கட்டும் செவ்வந்தி பெரும்பாலும் மஞ்சளும் வெள்ளையும்தானே.

இனி சிற்றினப் பெயர். ஃபோலியேசியம் என்றால் இலை போன்றது. பூந்தலையைத் தாங்கும் பூவடிச்செதில்களில் வெளிவரிசை, அகன்று பச்சையாக, இலையைப் போலவே இருக்கும். அதுதான் இந்தச் செடியின் அடையாளம். எனவே முழுப்பெயர் இலைச்செதில் உடுச்செவ்வந்தி. நீளம்தான், ஆனாலும் பெயரைப் படித்தவர் பூவைத் திருப்பி அடிப்பக்கம் பார்ப்பார்.

வாழிடத்தைப் பற்றியும் ஒன்று. இந்தச் செடியைப் பற்றிய நம் வரைவில், அது வளரும் இடமாக இருக்கும் 'திறந்த காடு' என்பது கதவு திறந்து கிடப்பதுபோல் இருக்கிறது. மரங்கள் தள்ளித் தள்ளி நின்று, தரையில் வெயில் விழுந்து புல் முளைக்கும் இடம் அழகர்மலைச் சரிவிலும் உண்டு. கலக்க விதைத்தால் களஞ்சியம் நிறையும் என்று விதைப்புக்குச் சொல்லும் அந்தக் 'கலக்க'வை, அதாவது இடைவெளி விட்டு என்பதை, எடுக்க ஆசைதான். கலக்கக் காடு என்றால் கலப்புக் காடு ஆகிவிடுமே என்று விட்டுவிட்டேன். இடைவெளிக்காடு என்று எழுதியிருக்கிறேன். இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் தாருங்கள், மாற்றிவிடலாம்.

உடுச்செவ்வந்தியில் இடறல் தெரிந்தாலும் சொல்லுங்கள். முக்கியமாக, வீட்டுப் பிள்ளைகளிடம் ஒருமுறை வாசிக்கக் கொடுத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
மதுரையிலிருந்து