டிப்ரெஷன் மாத்திரை சாப்பிடுகிறேன், வியாழக்கிழமை ட்ரக் டெஸ்ட்

இரண்டாவது ஷிஃப்ட் – திங்கள், இரவு 11.40

வணக்கம். பல மாதமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். எழுதுவது இது முதல் தடவை.

எனக்கு 33 வயது. ஓஎம்ஆரில் ஒரு பிபிஓவில் ஏழு வருடம் இருந்தேன். இப்போது வேறு கம்பெனியில் ஆஃபர் வந்திருக்கிறது. அமெரிக்க வங்கி ஒன்றின் வேலை, மாதம் 11 ஆயிரம் கூடுதல். பழைய இடத்தில் பேப்பர் போட்டு, நோட்டீஸ் காலமும் முடிந்துவிட்டது. அதாவது திரும்பிப் போக இடம் இல்லை. வெள்ளிக்கிழமை ஒரு மெயில் வந்தது. பின்னணிச் சரிபார்ப்பில் 10 பேனல் ட்ரக் டெஸ்ட்டும் உண்டாம். வியாழன் காலை பெருங்குடியில் ஒரு லேபுக்கு ஆதார் அட்டையோடு போகச் சொல்லியிருக்கிறார்கள்.

நான் கஞ்சாவைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் 14 மாதமாக டிப்ரெஷனுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். சின்னவன் பிறந்து எட்டு மாதம் ஆனபோது ஒரு நாள் சோழிங்கநல்லூரில் பஸ்ஸை விட்டு இறங்க வேண்டியவள், எழுந்திருக்கவே முடியாமல் கேளம்பாக்கம் வரை போய் உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் வந்து “ஏம்மா, உடம்பு சரியில்லையா” என்று கேட்டதும் அழுகை வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் டாக்டரிடம் போனேன். எஸிட்டாலோப்ராம் 10 மி.கி. எழுதினார், ராத்திரி ஒன்று. இன்றைக்கு நான் வேலைக்குப் போகிறேன், பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுகிறேன், சிரிக்கிறேன் என்றால் அந்த மாத்திரைதான் காரணம். வீட்டில் கணவருக்கு மட்டும் தெரியும். மாமியாருக்குத் தெரியாது. அட்டையைத் தையல் டப்பாவில் நூல்கண்டுகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

இந்த மாத்திரை அந்த டெஸ்ட்டில் தெரியுமா? லேப் படிவத்தில் “தற்போது உட்கொள்ளும் மருந்துகள்” என்று ஒரு கட்டம் இருக்குமாமே, அதில் எழுதினால் கம்பெனிக்குத் தெரிந்துவிடாதா? எழுதாமல் விட்டு, ரிப்போர்ட்டில் வந்துவிட்டால் பொய் சொன்னவள் ஆகிவிட மாட்டேனா? மூன்று நாளாகத் தூக்கம் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கடல்காகம் – செவ்வாய், காலை 6.15

கவலைப்படாதீர்கள் சகோதரி. இன்றிலிருந்து மாத்திரையை நிறுத்திவிடுங்கள். தண்ணீர், இளநீர், மோர் என்று நிறையக் குடியுங்கள். மூன்று நாளில் எல்லாம் வெளியே போய்விடும். டெஸ்ட் முடிந்ததும் மறுபடி ஆரம்பித்துக்கொள்ளலாம். என் மச்சான் அப்படித்தான் செய்தான், ஒரு பிரச்சினையும் வரவில்லை.

---

மைக்ராஸ்கோப் – செவ்வாய், காலை 8.50

மேலே உள்ள நண்பர் நல்ல மனசோடுதான் சொல்கிறார். ஆனால் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள் தங்கை. நான் லேப் டெக்னீஷியன், 12 வருடமாக இதே வேலை. வேலைக்குச் சேருபவர்களின் சிறுநீர் மாதிரி எங்களுக்கும் நிறைய வரும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

10 பேனல் என்றால் பத்து வகைப் பொருட்களை மட்டும் தேடும் கிட். கஞ்சா, கொக்கைன், ஆம்ஃபிட்டமின், மெத்ஆம்ஃபிட்டமின், ஓபியம் வகை, பிசிபி என்ற போதைப்பொருள், பார்பிட்யூரேட், பென்சோடயசபைன் (பதற்றம், தூக்க மாத்திரை வகை), மெத்தடோன், அப்புறம் கிட்டைப் பொறுத்து இன்னொன்று. உங்கள் ரத்தத்தில் என்னென்ன மருந்து ஓடுகிறது என்று அது முழுவதையும் படம் பிடிப்பதில்லை. எஸிட்டாலோப்ராம் இந்தப் பட்டியலில் கிடையாது. டிப்ரெஷனுக்கான மருந்துகளில் பெரும்பாலானவை கிடையாது. சில கிட்டுகளில் மட்டும் டிசிஏ என்று ஒரு கட்டம் இருக்கும். அது அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மருந்துகளுக்கு.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. இந்தக் கிட் மூலக்கூறின் வடிவத்தைத் தடவிப் பார்த்து “இது அது மாதிரி இருக்கிறதே” என்று சொல்லும் ரகம். ஆள் மாறிப்போகும், சில டிப்ரெஷன் மருந்துகளிலேயே அப்படி நடக்கும். பியூப்ரோபியான் சாப்பிடுபவருக்கு ஆம்ஃபிட்டமின் என்று காட்டியிருக்கிறது. செர்ட்ராலின் சாப்பிடுபவருக்கு பென்சோடயசபைன் என்று காட்டலாம். நிறுத்திய பிறகும் சில நாள் அப்படிக் காட்டலாம் என்று செர்ட்ராலினின் விவரத் தாளிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். வென்லாஃபாக்சினுக்கு பிசிபி, ட்ராசோடோனுக்கு ஆம்ஃபிட்டமின் என்று வந்த கதைகளும் உண்டு. அதனால்தான் கிட்டில் பாசிட்டிவ் வந்தால் அதே மாதிரியை ஜிசி-எம்எஸ் அல்லது எல்சி-எம்எஸ் என்ற கருவியில் போட்டு உறுதி செய்ய வேண்டும். அந்தக் கருவி ஏமாறாது, என்ன மருந்து என்று பெயரைச் சொல்லிவிடும். உறுதி செய்யாத பாசிட்டிவை வைத்து யாரும் உங்களைக் குற்றவாளி ஆக்க விடாதீர்கள்.

நிறுத்துவது ஏன் கூடாது? 14 மாதம் சாப்பிட்ட மாத்திரையைத் திடீரென்று விட்டால் தலைசுற்றல், குமட்டல், மண்டைக்குள் கரண்ட் அடிப்பது மாதிரி ஒரு உணர்வு, காரணமில்லாத அழுகை எல்லாம் வரலாம். அந்த நிலையில் லேபுக்கும் போய், புது வேலையிலும் சேர வேண்டுமா? தண்ணீர் விஷயமும் அப்படித்தான். சிறுநீரில் கிரியாட்டினின் அளவைப் பார்ப்போம். டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே போனால் “நீர்த்த மாதிரி” என்று எழுத வேண்டிவரும். எதையும் மறைக்காதவர்கூட மறைப்பவர் போலத் தெரிவார்.

ஒரே ஒரு வேலை செய்யுங்கள். தையல் டப்பாவைத் திறந்து, மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். வெறும் எஸிட்டாலோப்ராம்தானா, இல்லை பெயருக்குப் பின்னால் “பிளஸ்” என்று ஏதாவது ஒட்டியிருக்கிறதா? அதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

---

தாம்பரம் லோக்கல் – செவ்வாய், மதியம் 1.30

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். செர்ட்ராலின் 50 சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். படிவத்தில் “மருந்து எதுவும் இல்லை” என்று எழுதினேன். வெட்கம்தான் காரணம், வேறொன்றும் இல்லை. கிட்டில் பென்சோடயசபைன் பாசிட்டிவ். ஏஜென்சியிலிருந்து ஒரு பையன் போன் செய்து “சார், தூக்க மாத்திரை எடுப்பீங்களா” என்று கேட்டபோது என் குரலே வெளியே வரவில்லை. அப்புறம் மருந்துச் சீட்டை அனுப்பி, உறுதி செய்யும் டெஸ்ட் கேட்டு, நெகட்டிவ் என்று வர ஒன்பது நாள் ஆனது. வேலை கிடைத்தது. ஆனால் அந்த ஒன்பது நாள் நான் பட்ட பாடு யாருக்கும் வேண்டாம். மறைக்காமல் முதலிலேயே எழுதுங்கள் அக்கா. சீட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

---

இரண்டாவது ஷிஃப்ட் – செவ்வாய், இரவு 10.20

மைக்ராஸ்கோப் அக்கா, அட்டையைப் பார்த்தேன். “நெக்ஸிட்டோ பிளஸ்” என்று இருக்கிறது. எஸிட்டாலோப்ராம் 10 மி.கி., க்ளோனாசெபாம் 0.5 மி.கி. இந்த இரண்டாவது பெயரை நான் 14 மாதமாகக் கவனிக்கவே இல்லை. மருந்துக்கடையில் கொடுத்ததை அப்படியே வாங்கி வந்து சாப்பிட்டிருக்கிறேன். இது என்ன? பயமாக இருக்கிறது.

---

மைக்ராஸ்கோப் – செவ்வாய், இரவு 11.05

பயப்படாதீர்கள். இதை இன்றைக்கே தெரிந்துகொண்டது நல்லதுதான்.

க்ளோனாசெபாம் ஒரு பென்சோடயசபைன். பதற்றத்துக்கும் வலிப்புக்கும் கொடுப்பது. நம் ஊரில் டிப்ரெஷன் மருந்தையும் இதையும் ஒரே மாத்திரையாகச் சேர்த்து விற்கிறார்கள். ஆரம்ப வாரங்களில் டிப்ரெஷன் மருந்து வேலை செய்யத் தொடங்கும் வரை பதற்றத்தை அடக்க இது உதவும். அதற்காக எழுதுவார்கள். எத்தனை நாள் தொடர வேண்டும் என்று டாக்டர் உட்கார்ந்து பேச வேண்டும். கூட்டம் நிறைந்த கிளினிக்கில் அந்தப் பேச்சு விட்டுப்போய்விடுகிறது. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. “பிளஸ்” என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் பழகிப்போகக்கூடிய ஒரு மருந்து இருக்கிறது என்று சாப்பிடுகிறவருக்குச் சொல்லவேண்டாமா?

இதையும் நிறுத்தக் கூடாது. எஸிட்டாலோப்ராமைவிட இதற்குத்தான் கண்டிப்பு அதிகம். மாதக்கணக்கில் எடுத்த பென்சோடயசபைனைச் சட்டென்று விட்டால் வலிப்பு வரைக்கும் போகலாம். குறைப்பதென்றால் டாக்டர் சொல்லி, மெதுவாக, வாரக்கணக்கில் குறைக்க வேண்டும். அதுவும் இல்லாமல் இது உடம்பில் பாதியாகக் குறையவே 30, 40 மணி நேரம் எடுக்கும். மூன்று நாள் பட்டினி போட்டாலும் போகாது.

டெஸ்ட்டில் தெரியுமா என்றால், தெரியலாம், தெரியாமலும் போகலாம். க்ளோனாசெபாம் உடம்பில் 7-அமினோ க்ளோனாசெபாமாக மாறித்தான் சிறுநீரில் வரும். பல கிட்டுகள் அதைச் சரியாகப் பிடிப்பதில்லை. ஆனால் அந்த அதிர்ஷ்டத்தை நம்பிப் போகாதீர்கள். நாளைக்கே உங்கள் டாக்டரைப் பார்த்து, அன்றைய தேதியிட்டு, மருந்தின் முழுப் பெயர், அளவு, எத்தனை மாதமாக எடுக்கிறீர்கள் என்பதோடு ஒரு கடிதம் வாங்குங்கள். என்ன நோய் என்று அதில் எழுத வேண்டிய அவசியம் இல்லை, வேண்டாம் என்று நீங்களே கேட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்று. வரட்டு இருமலுக்குக் கோடீன் கலந்த டானிக் ஏதாவது குடித்தீர்களா? குடித்திருந்தால் அதையும் எழுதுங்கள். ஓபியம் கட்டத்தில் அது வரும்.

---

பழைய எச்ஆர் – புதன், காலை 9.40

படிவம் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். பதினைந்து வருடம் எச்ஆரில் இருந்தேன். நான் பார்த்தவரை மருந்து விவரம் எழுதும் தாள் லேபோடு நின்றுவிடும். எங்களுக்கு வந்தது பத்து வரி கொண்ட ஒரு ரிப்போர்ட், அவ்வளவுதான். ஆனால் எல்லா இடமும் ஒரே மாதிரி இருக்காது. அதனால் கையெழுத்துப் போடும் முன், “இந்தத் தாள் யாருக்குப் போகும்” என்று லேபில் நேராகவே கேளுங்கள். பதிலை மெயிலில் கேட்டு வாங்கினால் இன்னும் நல்லது.

அமெரிக்காவில் லாரி டிரைவர், விமானி மாதிரி வேலைகளுக்கு அரசாங்க விதி இருக்கிறது. ரிப்போர்ட்டைச் சரிபார்க்க ஒரு மருத்துவர் இருப்பார். பாசிட்டிவ் வந்தால் அவர் முதலில் வேலைக்கு வருபவரிடம் பேசி, சீட்டு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கம்பெனிக்குச் சொல்வார். இங்கே எல்லா லேபிலும் அப்படி ஒருவர் இருப்பதில்லை. அதனால் நாம்தான் கேட்க வேண்டும்: “பாசிட்டிவ் வந்தால் முதலில் என்னைக் கூப்பிடுங்கள், உறுதி செய்யும் டெஸ்ட் போடுங்கள்.”

எச்ஆரிடம் நீங்களாகப் போய் எதுவும் சொல்ல வேண்டாம். யாராவது கேட்டால், “டாக்டர் எழுதிய மருந்து எடுக்கிறேன், விவரம் லேபில் கொடுத்துவிட்டேன்” என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உங்கள் டாக்டர் உங்களைப் பற்றி வெளியே பேச முடியாது. 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு அந்த ரகசியத்தைக் காக்கச் சொல்கிறது.

ராத்திரியில் மனசு ரொம்பத் தவித்தால் 14416க்குக் கூப்பிடுங்கள் அம்மா. டெலிமானஸ், அரசாங்கச் சேவை, காசு கிடையாது, எந்த நேரமும் எடுப்பார்கள். தமிழிலேயே பேசலாம்.

---

கடல்காகம் – புதன், காலை 10.05

வலிப்பு வரும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரியாமல் சொல்லிவிட்டேன், மன்னித்துவிடுங்கள் சகோதரி. மச்சானிடமும் சொல்கிறேன்.

---

இரண்டாவது ஷிஃப்ட் – வியாழன், மதியம் 12.15

போய்விட்டு வந்துவிட்டேன். எழுதிய எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

நேற்று மாலை டாக்டரிடம் போனேன். கடிதம் கொடுத்தார். “பிளஸ்” பற்றிக் கேட்டேன். தொடங்கும்போது இரண்டு மாதம் என்றுதான் நினைத்தேன், பிறகு மாற்றியிருக்க வேண்டும் என்று அவரே ஒத்துக்கொண்டார். புது வேலையில் சேர்ந்து ஒரு மாதம் போகட்டும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம் என்றார்.

லேபில் ஒரு சின்னப் பையன், இருபத்திரண்டு வயது இருக்கும். படிவத்தில் இரண்டு மருந்தின் பெயரையும் எழுதிக் கடிதத்தைக் கொடுத்தேன். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நகல் எடுத்துப் பின் பண்ணிக்கொண்டான். யாருக்குப் போகும் என்று கேட்டதற்கு, “எங்க டாக்டருக்கு மட்டும்தான் மேடம்” என்றான். மெயிலில் அனுப்பச் சொன்னேன், அனுப்பியும்விட்டான். மாதிரி கொடுத்ததும் டப்பாவின் மேல் ஒட்டியிருந்த பட்டையில் சூட்டைப் பார்த்தான். பிறகு கிட்டை என் எதிரிலேயே முக்கினான். ஒன்பது இடத்தில் கோடு விழுந்தது. ஒரு இடத்தில் மட்டும் விழவே இல்லை. கர்ப்பப் பரிசோதனை மாதிரி கோடு வந்தால் பாசிட்டிவ் என்று நினைத்து, எனக்கு ஒரு நிமிடம் கண் இருட்டிவிட்டது. இதில் தலைகீழாம். கோடு விழுந்தால் நெகட்டிவ், விழாததுதான் பாசிட்டிவ். அந்த ஒன்று பென்சோடயசபைன். உறுதி செய்ய அனுப்புகிறோம், நான்கு வேலை நாள் ஆகும் என்றான்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். சாயங்காலம் அம்மாவிடமும் சொல்லிவிடலாமா என்று அவர் கேட்டார். மாமியாரைத்தான் சொல்கிறார். இன்னும் முடிவு பண்ணவில்லை.

---

மைக்ராஸ்கோப் – வியாழன், மதியம் 12.40

கடிதம் உள்ளே இருக்கும்போது அந்தப் பாசிட்டிவைப் பற்றிக் கவலை வேண்டாம். கருவி 7-அமினோ க்ளோனாசெபாம் என்று சொல்லும், அது உங்கள் சீட்டோடு பொருந்தும். லேப் டாக்டர் கூப்பிட்டால் போனை எடுங்கள், தெரியாத எண் என்று விட்டுவிடாதீர்கள்.

---

இரண்டாவது ஷிஃப்ட் – புதன், மாலை 5.30

அக்கா, லேப் டாக்டர் நேற்று கூப்பிட்டார். எத்தனை நாளாக எடுக்கிறீர்கள், வேறு ஏதாவது உண்டா என்று இரண்டே கேள்விகள். இன்று எச்ஆரிடமிருந்து மெயில் வந்தது. அதில் மருந்து பற்றி ஒரு வரியும் இல்லை. திங்கள்கிழமை காலை 9.30க்குச் சேர வேண்டும், இரண்டு பாஸ்போர்ட் அளவுப் படம் கொண்டுவரவும் என்று மட்டும் இருந்தது.