பெயின்ட் அடிக்கும் நாள்களில் படகுக்குள்ளேயே தங்கலாமா?

செம்பூர்வாசி:
வணக்கம். என் மகளும் மருமகனும் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் அருகே, ஏழடி அகலம்கூட இல்லாத நேரோபோட் ஒன்றையே வீடாகக் கொண்டு கால்வாயில் வசிக்கிறார்கள். வரும் ஆகஸ்டில் அதன் மேற்புறம் முழுவதையும் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பெயின்ட் அடிக்கப்போகிறார்கள். அந்த வாரங்களுக்கென்று தனியாக வாடகை கொடுக்க மனமில்லாமல் உள்ளேயே தங்கிவிடுவதாகச் சொல்கிறார்கள். நானும் அப்போதுதான் மும்பையிலிருந்து அங்கே போகிறேன். எனக்கு மூச்சிழுப்பு (ஆஸ்துமா) உண்டு. செம்பூரில் எங்கள் கட்டடத்துக்கு வெளிப்பூச்சு நடந்தபோது சாரத்துக்குப் பின்னால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருந்தோமே, அதுபோலத்தான் இதுவும் என்கிறாள் மகள். உண்மையா?

பழைய கப்பற்பட்டறை:
அம்மா, இரண்டும் ஒன்றல்ல. கட்டடத்தின் வெளிச்சுவருக்குப் பெரும்பாலும் தண்ணீர் கலந்த எமல்ஷன் போதும். இரும்புப் படகுக்கோ தின்னர் கலந்த எனாமல் அல்லது இரட்டைக் கலவை பாலியூரித்தேன் அடிப்பார்கள்; இவற்றில் எது என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இரட்டைக் கலவையில் பெயின்ட்டை இறுகவைக்கச் சேர்க்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் உண்டு. ஸ்ப்ரே செய்யும்போது அது நுண்துளியாகக் காற்றில் பரவுவதால், அடிப்பவரே வெளியிலிருந்து குழாய்வழி காற்று வரும் முகமூடி அணிந்தாக வேண்டும். ஒருமுறை உடம்புக்கு அது ஒவ்வாமல் போய்விட்டால், பிறகு சொற்ப அளவு பட்டாலும் மூச்சுத் திணறும். ஸ்ப்ரே என்றால் மூவருமே வெளியேறிவிடுங்கள். பிரஷ், ரோலர் கொண்டு சாதாரண எனாமல் அடித்தால் இளையவர்கள் சமாளிக்கலாம். இழுப்பு உள்ளவருக்கு அதையும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். பழைய படகாயிருந்தால் அடிப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், தூள் பறக்காமலிருக்க உப்புத்தாளைத் தண்ணீர் தொட்டே தேய்க்கச் சொல்லுங்கள். (இங்கே ஆகஸ்ட் மழையில் திறந்தவெளியில் பெயின்ட் டப்பாவைத் தொடவே மாட்டோம், அங்கே அதுதான் பருவம்.)

பொவாய் நண்பர்:
சில ஆண்டுகள் அத்தகைய படகில் வாழ்ந்தவன் என்ற முறையில், வாடையைவிடப் பெரிய அபாயம் ஒன்றைச் சொல்கிறேன். கூரையில் காளான் வடிவில் நிற்கும் காற்றுப்போக்கிகளைப் பெயின்ட் அடிக்கும் முன் கழற்றி ஓட்டையை மூடுவார்கள், அல்லது டேப் ஒட்டிவிடுவார்கள். கேஸ் அடுப்புக்கும் கணப்புக்கும் காற்று வரும் வழிகளில் அவையும் உண்டு. அவற்றை மூடிவிட்டு உள்ளே அடுப்பை எரித்தால், நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு சேர்ந்துவிடும். அதை அறிவிக்கும் அலாரம் தனியார் படகுகளிலும் இருக்க வேண்டும் என்பது 2019 ஏப்ரல் முதல் அங்கே விதி. அது வேலை செய்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். படகைக் கரையேற்றி நிறுத்தினால் கழுவுதொட்டியிலிருந்து வெளியேறும் தண்ணீர் நேரே தரையில்தான் கொட்டும் என்பதால் பாத்திரம் கழுவுவதும் குளிப்பதும்கூடச் சிக்கல்.

செம்பூர்வாசி:
இருவருக்கும் நன்றி. மகளிடம் கேட்டேன். பிரஷ் வேலைதானாம், எனாமல்தானாம். ஆனால் படகு தண்ணீரிலேயே, கூரை போட்ட கொட்டகைக்குள் நிற்குமாம்.

பழைய கப்பற்பட்டறை:
கொட்டகை என்றால் பனியும் தூசியும் படாது, பளபளப்பு நன்றாக வரும். ஆனால் தின்னர் ஆவி எளிதில் வெளியேறாது, படுக்கும் இடத்திலும் தேங்கும். பயணத்தைச் செப்டம்பர் கடைசிக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால், கடைசிப் பூச்சு காய்ந்து காற்றுப்போக்கிகளைத் திரும்பப் பொருத்தும் வரை உங்களுக்கு மட்டுமாவது வெளியே ஓர் அறை எடுக்கச் சொல்லுங்கள்.