இசையில் முதுகலை, பிஎச்.டி.: பாடுறவங்களுக்குத் தேவையா?

பஞ்சமம்:
குருகிட்ட வாய்ப்பாட்டு கத்துக்கிட்டு இருக்கேன், சின்னச் சின்னக் கச்சேரியும் பண்றேன். இளங்கலை முடிச்சாச்சு, வேற பாடத்துல. இப்போ பல்கலைக்கழகத்துல இசையில முதுகலை, முடிஞ்சா பிஎச்.டி. வரைக்கும் படிக்கணும்னு ஆசை. பாட்டு கெட்டுப்போயிடும்னு சிலர் பயமுறுத்துறாங்க. நீங்க என்ன நினைக்கிறீங்க?

அசுரசாதகம்:
அவங்க சொல்றது உண்மைங்க. குரல் பதப்படுற வயசு இது. காலையில 'ஆ'ன்னு இழுத்து அகாரம் பாட வேண்டிய நேரத்துல கட்டுரைக்கு அடிக்குறிப்பு திருத்திக்கிட்டு இருப்பீங்க. ராக லட்சணத்தைத் தேர்வுக்கு ஒப்பிச்சிடலாம். தோடி ராகத்தை ஒரு மணி நேரம் விரிச்சுப் பாடுற தெம்பு வகுப்பறையில வராது. இசையை எடைபோடுற தகுதி பல்கலைக்கழகத்துக்கு எப்பவும் இருக்குன்னும் நம்பாதீங்க. அமெரிக்க இசையமைப்பாளர் மில்டன் பாபிட், பன்னிரண்டு சுரங்களையும் ஒரு வரிசையா அமைச்சு இசை எழுதுற பன்னிரு சுர முறை பத்தி எழுதின ஆய்வேட்டை 1946ல பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் ஏத்துக்கல. 1992லதான் அதுக்குப் பட்டம் கொடுத்தாங்க. அதுக்குள்ள அவர் அங்கேயே பேராசிரியரா இருந்து ஓய்வும் பெற்றுட்டார்.

ஏட்டுச்சுவடி:
பட்டம் தாமதமாச்சே தவிர, அந்தச் சிந்தனைதான் பின்னால துறைக்கே பாடமாச்சு. எழுதினதால அவர் இசை கெடலையே.

நம்மவங்களையே பாருங்க. பாடகர் எஸ். ராமநாதனும் புல்லாங்குழல் டி. விஸ்வநாதனும் அமெரிக்காவுல வெஸ்லியன் பல்கலைக்கழகத்துல முனைவர் பட்டம் வாங்கினவங்க. ராமநாதன் எடுத்துக்கிட்டது சிலப்பதிகார இசை, விஸ்வநாதன் ராக ஆலாபனை. ராமநாதன் பாட்டுல உயிர் குறைஞ்சதுன்னு யாராவது சொல்லுவாங்களா? சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில ஏழு பெண்களை ஏழு சுரமா நிறுத்தி ஆடவைக்கிற இடத்தை, சுருதி சேர்ந்த காதோட ஒரு பாடகர் படிக்கணும். பாடத் தெரியாதவங்க கையில மட்டும் இதையெல்லாம் விட்டுடலாமா?

அசுரசாதகம்:
அவங்க வித்துவான்களாப் பழுத்த பிறகு போனவங்க. அதைத்தான் நானும் சொல்றேன்.

ஏட்டுச்சுவடி:
பழுத்த பிறகு குடும்பம், பிழைப்பு எல்லாத்தையும் விட்டுட்டு எத்தனை பேரால போக முடியும் சார்? அதுவும் பெண்களால?

இசைக்கூடம்:
எல்லாப் பட்டமும் ஒண்ணு மாதிரியே பேசுறீங்க. மேற்கத்தியப் பல்கலைக்கழகங்கள்ல எம்.மியூஸ். (இசை முதுகலை), டி.எம்.ஏ. (இசைக்கலை முனைவர்) ரெண்டும் பெரும்பாலும் பாடுறவங்க, வாசிக்கிறவங்களுக்கானது. முதல்ல ஒலிப்பதிவு அனுப்பணும், தேறினா ஆடிஷன். படிப்பு முழுக்கத் தனிப்பாடம் உண்டு, பட்டத்துக்குன்னே கச்சேரி கொடுக்கணும். இசையியல், இன இசையியல் (இசையை அதோட சமூகம், பண்பாட்டோட சேர்த்து ஆராயறது) பிஎச்.டி.யில ஆய்வேடுதான் பிரதானம்; ஆய்வுக்கு வேண்டிய மொழியையும் படிச்சுத் தேறணும்.

பண விஷயம். யேல் இசைப் பள்ளி 2005ல 10 கோடி டாலர் நன்கொடை கிடைச்ச பிறகு மாணவர்கள்கிட்ட கல்விக் கட்டணமே வாங்குறதில்ல. அமெரிக்காவுல பல பிஎச்.டி. இடங்கள்ல, வகுப்பு எடுத்தா கட்டண விலக்கும் உதவித்தொகையும் கிடைக்கும். முதுகலைக்கு அவ்வளவு சுலபமாக் கிடைக்காது. கடன் வாங்கி இசையில முதுகலை படிக்காதீங்க, இதை மட்டும் அடிச்சுச் சொல்வேன்.

பஞ்சமம்:
எனக்குப் பட்டத்தைவிட ஒரு சந்தேகம்தான் பெருசு. சுப்பராம தீட்சிதர் 1904ல வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினிங்கிற நூல்ல, சுரத்தை எப்படி அசைச்சுப் பாடணும்னு காட்டுற கமகக் குறியோட கீர்த்தனைகள் இருக்கு. அதுல சில ராகங்கள் நாம இன்னைக்குப் பாடுற மாதிரி இல்ல. எப்போ, எதனால மாறிச்சு? குருகிட்ட கேட்டா "நம்ம பாடாந்தரம் (வழிவழியா வந்த பாட்டு முறை) அப்படி"ங்கிறார்.

அசுரசாதகம்:
இது சாதகம் பண்ணித் தீர்ற சந்தேகம் இல்லம்மா. இதுக்காகன்னா போங்க. மூலம் தெலுங்குல இருக்கு, அந்த எழுத்தை இப்பவே கத்துக்கோங்க. விண்ணப்பிக்கும் முன்னாடி பேராசிரியருக்கு எழுதிக் கேளுங்க: குருகிட்ட பாடம் தொடர விடுவாங்களா? பாடிக் காட்டுறதையும் ஆய்வுல சேர்த்துப்பாங்களா? மழுப்பலா பதில் வந்தா வேற இடம் பாருங்க.

ஏட்டுச்சுவடி:
அங்க பழைய கிராமபோன் இசைத்தட்டுச் சேகரிப்பு இருக்கான்னும் கேளுங்க. அந்த நூல்ல அச்சாகி இருக்கிறதுக்கும் இப்போ பாடுறதுக்கும் நடுவுல என்ன நடந்ததுன்னு காதால கேட்க அதை விட்டா வேற வழி இல்ல.