அப்பாவின் ரத்தத்தில் எம்.டி.ஏ. அதிகம். கட்டி திரும்ப வந்துவிட்டதா?

தெற்குவாடி:
பாம்பனிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 62 வயது, விசைப்படகு ஓட்டியவர். தை மாதம் சிறுநீரில் ரத்தம் வந்தது, வலி இல்லை. கடல் சூடு என்று இளநீரும் நன்னாரியுமாக ஒரு மாதத்தைப் போக்கினோம். அப்புறம் மதுரையில் சிறுநீர்ப் பாதை வழியே கேமரா குழாய் விட்டுப் பார்த்து, சிறுநீர்ப்பையில் இருந்த கட்டியைச் சுரண்டி எடுத்தார்கள். தசைக்குள் போகவில்லை என்று பயாப்சியில் வந்தது. மூன்று மாதத்தில் மறுபடி குழாய் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்கள்.

இதற்கிடையில் சித்தப்பா சொன்னார் என்று, வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் லேபில் ‘ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்’, அதாவது ஆக்சிஜனால் உடம்பில் வரும் சேதம், பார்த்தோம். 3,800 ரூபாய். எம்.டி.ஏ. அதிகம், அந்தச் சேதத்தைத் தடுக்கும் குளுட்டாதியோன் குறைவு, இரண்டுக்கும் சிவப்பில் அம்புக்குறி. வைட்டமின் ஈ மாத்திரை போடச் சொல்கிறார்கள். குழாய் என்றாலே அப்பாவுக்கு நடுக்கம். அதற்குப் பதில் மாதாமாதம் இந்த ரத்தப் பரிசோதனை போதுமா?

லேப்_அக்கா:
போதாது தம்பி. இதைக் காட்டிக் குழாயைத் தள்ளிப்போடாதீர்கள்.

லேபுக்கு வருவதற்கு முன் இரண்டு வருடம் மண்டபம் பக்கம் மீன் ஏற்றுமதி கம்பெனியில் இருந்தேன். எம்.டி.ஏ. எனக்கு அங்கேயே பழக்கம். சூடைக் கருவாடு நாளானால் மஞ்சளித்துக் காறல் அடிக்குமே, அந்தக் காறலை அளக்கும் பரிசோதனை அது. தயோபார்பிட்யூரிக் அமிலம் ஊற்றிச் சூடாக்கினால் ரோஸ் நிறம் வரும். எவ்வளவு ரோஸ் என்று 532 நானோமீட்டர் ஒளியில் பார்ப்போம். ரத்தத்திலும் பெரும்பாலும் இதே ரோஸ்தான். நம் செல்லின் மேலுறைக் கொழுப்பு ஆக்சிஜனால் காறினால் மிஞ்சுவது எம்.டி.ஏ. ஆனால் அந்த அமிலம் எம்.டி.ஏ.வோடு மட்டும் சேராது, வேறு சில பொருள்களோடும் சேர்ந்து ரோஸாகும்.

சிறுநீர்ப்பைப் புற்றுநோயாளிகளுக்குச் சராசரியாக எம்.டி.ஏ. கூடுதலாகவும் அந்தக் காறலைத் தடுக்கும் காப்பு நொதிகள் குறைவாகவும் இருப்பதாகப் பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. அது கூட்டத்தைப் பார்த்துச் சொன்னது. உங்கள் அப்பா ஒருவரின் தாளை வைத்துக் கட்டி இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாது. பீடி, சர்க்கரை, வயது, ஏன், அந்த ஆபரேஷன்கூட எம்.டி.ஏ.வை ஏற்றும். பக்கத்து வீட்டில் சர்க்கரை உள்ளவர் கொடுத்தாலும் இதே அம்பு வரலாம்.

இன்னொன்று. எத்தனை மணிக்கு எடுத்தார்கள், ஐஸில் வைத்தார்களா? குளுட்டாதியோன் வெளியே நின்ற ரத்தத்தில் தானாகவே இறங்கிவிடும். சிவப்பணு உடைந்து, ரத்தத்தின் மேலே தெளியும் நீர் தர்பூசணிச் சாறு மாதிரி வந்திருந்தால் எந்த எண்ணையும் நம்ப வேண்டாம்.

வைட்டமின் ஈயை டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். தசைக்குள் போகாத இதே நோய்க்கு பிரிட்டனில் செலினியமும் வைட்டமின் ஈயும் கொடுத்துப் பார்த்தார்கள். செலினியம் உதவவில்லை. வைட்டமின் ஈ எடுத்தவர்களுக்குக் கட்டி திரும்புவது கூடியிருக்கலாம் என்றுதான் தெரிந்தது.

தொண்டி_மாமா:
நமக்கும் இதே கதைதான் மாப்பிள்ளை. சுரண்டின பிறகு பிசிஜி கொடுத்தார்கள். ஆமாம், குழந்தைக்குத் தோளில் போடுவார்களே, அந்தக் கிருமிதான். வாரம் ஒன்று, ஆறு வாரம். உள்ளே விட்டு இரண்டு மணி நேரம் அடக்க வேண்டும். முதல் தடவை சுவரில் ஓடுகிற கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்தும் ஆறு மணி நேரம் கக்கூஸில் பிளீச்சிங் பவுடர். எரிச்சல் உண்டு, மறைக்க மாட்டேன். குழாய் பார்ப்பது அதைவிடச் சுலபம். மரக்கிற ஜெல் தடவித்தான் விடுவார்கள். அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

தெற்குவாடி:
அக்கா, ரத்தம் எடுத்தது காலை ஆறு மணிக்கு. அந்தப் பையன் அப்படியே தங்கச்சிமடம், ராமேஸ்வரம் எல்லாம் சுற்றிவிட்டு மதியம்தான் திரும்பினானாம். ஐஸ் இல்லை, பைக் பெட்டிதான்.

அப்புறம், பீடி விட்டாச்சு என்றுதான் அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். இன்று வலைக் குவியலுக்கு அடியில் இரண்டு கட்டு கிடைத்தது.

லேப்_அக்கா:
3,800 ரூபாய் இல்லாமலே அம்புக்குறி கிடைத்துவிட்டது தம்பி. பீடிப் புகையின் நச்சு சிறுநீரோடுதான் இறங்கும், வெளியேறும்வரை சிறுநீர்ப்பைக்குள் தேங்கி நிற்கும். பீடிக் கட்டைக் கடலில் போடாதீர்கள், அடுப்பில் போடுங்கள். குழாய்த் தேதி என்று?

தெற்குவாடி:
வரும் வியாழன். முதல் பஸ்ஸில் கிளம்புகிறோம்.